முதலில் கடலா, கழனியா? ஒருநாள் பைக் சுற்று

கேள்வி: பிப்ரவரி 4, இரவு 9.10

ஒரே நாளில் போய்த் திரும்பும்படி ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். மொத்தம் 260 கி.மீ. பாதி வயல்வெளியும் சின்ன ஊர்களுமாக உள்ரோடு, பாதி கடலோரச் சாலை. எந்தப் பக்கம் சுற்றினாலும் வீட்டுக்கே வந்து சேரும். காலையில் உள்ரோட்டில் போய், மாலையில் கடலோரமாகத் திரும்பி, சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வீடு சேரலாம் என்று நினைக்கிறேன். வண்டி 150 சிசி. தனியாகத்தான் போகிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பிப்ரவரி 4, இரவு 10.25

திட்டம் சரி, அப்படியே போங்கள். நானும் பத்து வருஷமாக இதே வழக்கம்தான், காலையில் கழனி, மாலையில் கடல். உடம்பில் தெம்பு இருக்கும்போதே வளைவும் குறுகலுமான உள்ரோட்டை முடித்துவிடலாம். கடலோரச் சாலை பெரும்பாலும் நேர்ரோடு, களைத்த உடம்புக்கும் தாங்கும்.

260 கி.மீ.க்கு மேப் ஐந்து மணி நேரம் என்று காட்டும். நம்பாதீர்கள். மேப்புக்கு முதுகு வலிக்காது, ஒன்றுக்கு வராது, படம் எடுக்கத் தோன்றாது. நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 35 கி.மீ. என்று கணக்குப் போட்டால் ஏழரை மணி நேரம் வரும். அதுதான் நிஜம்.

சூரியன் மறைய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி: கையை நேராக நீட்டி, விரல்களைப் படுக்கைவசமாக வைத்து, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். விரலுக்குக் கால் மணி நேரம். நான்கு விரல் என்றால் ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது.

பிப்ரவரி 5, காலை 6.50

தூக்கக் கலக்கத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. இடப்பக்கம் ஓட்டும் நாடென்றால் கடல் இடக்கைப் பக்கம் வரும்படி சுற்றுங்கள். உங்களுக்கும் கடலுக்கும் நடுவே எதிர்வண்டி இருக்காது. நிறுத்தத் தோன்றினால் அப்படியே ஓரங்கட்டலாம், சாலையைக் குறுக்கே வெட்ட வேண்டாம். வலப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் நான் எழுதும் இடம், வலம் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 5, மதியம் 1.15

யாரோ "கடற்காற்று?" என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையில் நான் எழுதியது இரண்டும் ஆட்டம் காண்கிறது.

வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைமேல் இருக்கும் காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வரும். தெளிந்த நாளில் முற்பகலிலேயே கிளம்பி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாய்ந்தபின் அடங்கும். ராத்திரியில் தலைகீழாகத் தரையிலிருந்து கடலுக்கு வீசும், ஆனால் அவ்வளவு வலு இருக்காது.

கடலோரமாகப் போகிறவனுக்கு இந்தக் காற்று எப்போதும் பக்கவாட்டில்தான் அடிக்கும். கடல் இடப்பக்கம் இருந்தால் இடப்பக்கத்திலிருந்து அடித்து வலப்பக்கம் தள்ளும். வலப்பக்கம் யார் வருகிறார்? எதிர்வண்டி.

இது எனக்குத் தெரியாமல் இல்லை, வாங்கிய அனுபவமே இருக்கிறது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். இடப்பக்கம் சவுக்குத் தோப்பு, அரை கிலோமீட்டர் தூரத்துக்குக் காற்றே தெரியவில்லை. தோப்பு முடிந்தது, வெட்டவெளி. யாரோ தோளில் கை வைத்துத் தள்ளியது போல வண்டி ஒரு முழம் வலப்பக்கம் நகர்ந்தது. நடுக்கோடு முன்சக்கரத்துக்குக் கீழே இருந்தது. எதிரே ஒரு வேன். நான் ஒன்றும் செய்யவில்லை, பயத்தில் கை இறுகியதுதான் மிச்சம். வேன்காரர்தான் ஒதுங்கிப் போனார். போகிறபோது என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இத்தனையும் பட்டுவிட்டு நேற்று ராத்திரி "மாலையில் கடல்" என்று எழுதியிருக்கிறேன். பழக்கம் மண்டையில் உட்கார்ந்துவிட்டால் இப்படித்தான்.

பிப்ரவரி 5, இரவு 8.40

அப்படியானால் கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டால் சரியாகிவிடுமே, காற்று ஓரத்துக்குத்தானே தள்ளும் என்று கேட்டிருக்கிறார்கள். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தால் வண்டியை வலப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துத்தான் நேராகப் போக முடியும். அந்த நேரத்தில் எதிரே ஒரு லாரி உங்களைக் கடந்தால், அது ஒரு நொடி காற்றை மறைத்துவிடும். முட்டுக்கொடுத்த சுவரை உருவினாற்போல, சாய்ந்த பக்கமே போவீர்கள், லாரியைப் பார்த்து. அது கடந்ததும் காற்று திரும்ப அறையும்.

ஆகவே பக்கத்தை மாற்றித் தப்பிக்க முடியாது. மாற்ற வேண்டியது நேரத்தை. காலையில் கடல். வெயில் ஏறும் முன்பே கடலோரத்தை முடித்துவிட்டு உள்ளே திரும்பிவிடுங்கள். முதல் நாள் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 6, காலை 7.05

பக்கக்காற்றில் என்ன செய்வது என்று கேட்டவருக்கு.

கை தளர வேண்டும், முட்டி இறுக வேண்டும். பயந்தால் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் உங்கள் உடம்பின் ஒவ்வொரு ஆட்டமும் முன்சக்கரத்துக்குப் போகும். டேங்கை முட்டியால் கவ்வுங்கள். வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கக் கைப்பிடியை முன்னோக்கி மெல்ல அழுத்துங்கள். இடக்கைப்பிடியை முன்னால் தள்ளினால் வண்டி இடப்பக்கம் சாயும். நம்ப மறுப்பவர்கள் வெறிச்சோடிய நேர்ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் ஒரே ஒரு முறை மெதுவாகச் செய்து பார்க்கலாம்.

விமானம் கண்ட ரைட் சகோதரர்களில் வில்பர், சைக்கிள் வியாபாரி. இடப்பக்கம் திரும்ப நினைக்கும் சைக்கிள்காரன் முதலில் ஹேண்டில்பாரை வலப்பக்கம் லேசாகத் திருப்புகிறான் என்பதைக் கவனித்து, எப்படித் திரும்புகிறீர்கள் என்று டஜன் கணக்கான பேரிடம் கேட்டிருக்கிறார். முதல் தடவையில் ஒருவர்கூட முழுசாகச் சரியாகச் சொல்லவில்லையாம். எல்லாரும் தினமும் செய்கிறார்கள், ஒருவருக்கும் செய்வது தெரியாது. நான் பதினெட்டு வயதில் ஓட்டக் கற்றவன், எனக்கு இது தெரிந்தது முப்பத்து நான்கில்.

காற்றின் அளவை மரத்தைப் பார்த்தே சொல்லலாம். 1805இல் பிரிட்டிஷ் கடற்படையின் ஃபிரான்சிஸ் போஃபர்ட் கப்பல்களுக்காகப் போட்ட அளவுகோலுக்குத் தரை அடையாளங்களும் பின்னால் சேர்ந்தன. இலையடர்ந்த சின்ன மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் எண் 5, மணிக்கு 29 முதல் 38 கி.மீ. பெரிய கிளைகளே ஆடி, குடை பிடிப்பதே கஷ்டமானால் எண் 6, மணிக்கு 39 முதல் 49. ஐந்தில் நான் வேகம் குறைப்பேன். ஆறில் ஓரங்கட்டித் தண்ணீர் குடிப்பேன்.

பிப்ரவரி 6, இரவு 10.10

அஸ்தமனக் கட்சிக்காரர்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்காமல் என்ன கடலோரப் பயணம் என்று நான்கு பேர். சரி, பாருங்கள். ஆனால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். தாழ்ந்த வெயில் கண்ணில் அடிக்கும்போது ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியில், அதாவது வைசரில், ஒரு கீறல் இருந்தால் போதும், அந்த வெளிச்சத்தில் அது வெள்ளைத் திரையாகிவிடும். உங்களுக்கு எதிரே வருகிறவர்களுக்கும் இதே கதி.

பிப்ரவரி 7, காலை 6.30

விரல் கணக்கைப் பற்றி. ஒருவர் மிக மரியாதையாக என்னை வாரியிருக்கிறார். நியாயம்தான்.

சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நீட்டிய கையில் ஒரு விரலின் பருமன் சுமார் 2 டிகிரி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும், ஆகவே ஒரு விரலுக்கு 8 நிமிடம்தான். வடக்கே, தெற்கே போகப் போகச் சாய்வாக இறங்குவதால் நேரம் கூடும். 45 டிகிரி அட்சரேகையில் விரலுக்குப் பன்னிரண்டு நிமிடத்தை ஒட்டி வரும். கால் மணி நேரம் என்பது இன்னும் மேலே இருக்கிறவர்கள் எழுதிவைத்தது. நான் யோசிக்காமல் எடுத்து ஓதிக்கொண்டிருந்தேன்.

அடிவாங்கியும் இருக்கிறேன். மூன்று வருஷம் முன்பு கடலோரத்தில் நான்கு விரல் எண்ணிவிட்டு, ஒரு மணி நேரம் இருக்கிறது என்று பாறைமேல் சாவகாசமாகக் காலை நீட்டினேன். அரை மணி நேரத்தில் சூரியன் போயிற்று. ரேகைக்குப் பக்கத்தில் அந்திவெளிச்சமும் நிற்காது, 20 நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். என்னிடம் இருந்தது கறுப்புக் கண்ணாடி போட்ட வைசர் ஒன்றே ஒன்று. அதைத் தூக்கிவிட்டு 50 கி.மீ. ஓட்டினேன். அன்று தின்ற பூச்சிகளுக்குக் கணக்கில்லை.

பகல் வைசரோடு ஒரு வெள்ளைக் கண்ணாடி வைசரும் பையில் இருக்கட்டும்.

பிப்ரவரி 7, காலை 9.00

ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் கடல் கிழக்கிலா, மேற்கிலா?

பிப்ரவரி 7, இரவு 9.30

கிழக்கிலாம்!

மூன்று நாளாகக் கடலில் சூரியன் மறைவதைப் பற்றி அடித்துக்கொண்டிருக்கிறோம். இவருக்குச் சூரியன் மறையப்போவது வயலில். கடலில் அது உதிக்கும். காலையில் கடல் என்பதற்கு இதற்குமேல் என்ன காரணம் வேண்டும்?

வீடு வட்டத்தின் தென்முனையில் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். அங்கேதான் என் இரண்டு உபதேசமும் முட்டிக்கொள்கின்றன. தெற்கிலிருந்து கிளம்பிக் கடலை முதலில் பிடித்தால் வடக்கே பார்த்துப் போக வேண்டும், கடல் வலப்பக்கம் வந்துவிடும். கடல் இடப்பக்கம்தான் வேண்டும் என்றால் உள்ரோட்டில் வடக்கே போய்ப் பிற்பகலில் கடலோரமாக இறங்க வேண்டும், காற்று பிடித்துக்கொள்ளும். ஒரே வட்டத்தில் இரண்டும் கிடைக்காது. பேப்பரில் வரைந்து பார்த்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் காற்றும் இருக்காது, வண்டிகளும் குறைவு, வலப்பக்கம் வெட்டி நிறுத்துவது பெரிய பாடில்லை.

பிப்ரவரி 8, மாலை 5.20

மணல். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் நான் கீழே விழுந்தது இதில்தான்.

கடலோரச் சாலை வளைவு ஒன்று. வேகம் 30கூட இருக்காது. தாரின் நிறத்துக்கும் அந்த மணலின் நிறத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை, உப்புமா ரவையைத் தூவினாற்போல ஒரு படலம். முதலில் சத்தம்தான் வந்தது, டயருக்கு அடியில் ஒரு "சர்ர்". வலது கை தன்னாலே முன்பிரேக்கைத் தொட்டது. தொட்டதுதான் தெரியும். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் ரோட்டில் உட்கார்ந்துகொண்டு வண்டி எனக்கு முன்னால் பக்கவாட்டில் வழுக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது. பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கிளட்ச் லீவர் நுனி மடங்கிவிட்டது, கண்ணாடி ஒன்று போயிற்று. இடக்கை க்ளவுஸின் உள்ளங்கைத் தோல் தேய்ந்து நூல் நூலாக நின்றது. க்ளவுஸ் இல்லையென்றால் தேய்ந்திருப்பது எது என்று தெரியும்.

மணல் கிடப்பது எங்கே என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கார் சக்கரங்கள் ஓடுகிற இரண்டு தடங்களும் சுத்தமாக இருக்கும். நடுவிலும் ஓரத்திலும் ஒதுங்கிக் கிடக்கும். தடத்தில் போங்கள். தடம் தெரியாத அளவுக்கு மூடியிருந்தால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வண்டியை நிமிர்த்தி, பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முறுக்காமல் உருண்டு போய்விடுங்கள். மணலைச் சாலைக்குக் கொண்டுவருவதும் கடற்காற்றுதான். முதல்நாள் மதியம் வீசிய மணல் மறுநாள் விடிகாலையில் யாரும் ஓட்டாத சாலையில் அப்படியே கிடக்கும். ஆகவே "காலையில் கடல்" என்று நான் சொன்னதற்கு இது ஓர் ஓட்டை.

பிப்ரவரி 8, மாலை 5.35

மேலே ரவை உவமை போட்டதற்காக, சமைக்கிறவரா என்று கேட்கிறார்கள். ஆமாம்.

பிப்ரவரி 8, இரவு 9.50

சைட் ஸ்டாண்ட் மணலில் இறங்கும். தட்டையான கல்லோ நசுங்கிய டப்பாவோ அடியில் போடுங்கள். கியரில் விட்டு நிறுத்துங்கள். ஸ்டாண்ட் இடப்பக்கம் இருப்பதால் (இதை மட்டும் எந்த நாட்டிலும் மாற்றிப் போடாதீர்கள்), காற்று வலப்பக்கத்திலிருந்து வண்டியை ஸ்டாண்டின் மேலேயே தள்ளும்படி நிறுத்த வேண்டும். மாற்றி நிறுத்தினால் திரும்பி வரும்போது வண்டி எதிர்ப்பக்கம் படுத்திருக்கும். பக்கத்தில் நான்கு வண்டி நின்றால் அவையும்.

பிப்ரவரி 9, இரவு 10.45

இன்று வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தது. மனைவி ஒன்று சொன்னாள், அதிலிருந்து யோசனையாக இருக்கிறது.

எங்கள் முதல் கடலோரப் பயணத்தில் நான் அடிக்கொரு தரம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து ஹெல்மெட்டில் ஒரு தட்டு. "நீங்க ரோட்டைப் பாருங்க. கடல்ல என்ன இருக்குன்னு நான் சொல்றேன்." வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போ ஒரு படகு. ரெண்டு. ஒண்ணுல சிவப்புக் கொடி. நான் பார்த்ததாக இன்றுவரை நினைவிருக்கும் அந்தச் சிவப்புக் கொடியை உண்மையில் நான் பார்க்கவே இல்லை.

60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறோம். இரண்டு நொடி கடலைப் பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய கணக்கு. இன்னொன்று, வண்டி பார்க்கிற பக்கம் போகும். கண் போன பக்கம் தோள் போகும், தோள் போன பக்கம் ஹேண்டில்பார் போகும்.

வயல்வெளி அப்படியில்லை. சாலை அதற்குள்ளேயே போகிறது. எதிரே பார்த்தாலே காட்சி வருகிறது: வளைவு, வளைவுக்குமேல் மரங்கள், தூரத்தில் ஒரு மேடு, அதன்மேல் மேகத்தின் நிழல். ரோட்டைப் பார்ப்பதும் ஊரைப் பார்ப்பதும் ஒரே பார்வை. கடல் எப்போதும் பக்கவாட்டில். ஓடிக்கொண்டே பார்க்கக் கழனி, நின்று பார்க்கக் கடல். இத்தனை வருஷம் கடலோரச் சாலையில் எனக்குக் கிடைத்ததெல்லாம் கடைக்கண்ணில் ஒரு நீலப்பட்டை. வண்டியை விட்டு இறங்கிய இடங்கள் மட்டும்தான் நினைவில் நிற்கின்றன.

இதை வைத்துப் பார்த்தால் கேள்வியே மாறுகிறது. எது முதலில் என்பதைவிட, கடலோரத்துக்கு எத்தனை மணி நேரம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டு பாதிக்கும் ஒரே வேகக் கணக்குப் போட்டது என் தப்பு. மணிக்கு 35 என்பதை அழித்துவிடுங்கள். உள்ரோட்டுக்கு 40 வைக்கலாம். கடலோரத்துக்கு 25.

பிப்ரவரி 10, காலை 7.15

நிறுத்த இடம் தேடுகிறவர்கள் உயரமான இடமாகப் பாருங்கள். நீரோரத்தில் நிற்கிறவனுக்குக் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் நான்கரை கிலோமீட்டருக்குள்தான். 100 மீட்டர் உயரக் குன்றின்மேல் ஏறினால் 35 கி.மீ. தாண்டித் தெரியும். முதல் தடவை கணக்குப் போட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. முடிவில்லாமல் தெரிகிற கடல் வெறும் நான்கரையா!

பிப்ரவரி 11, இரவு 9.15

உள்ரோட்டைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார் ஒருவர்.

மறுபக்கம் தெரியாத வளைவில் சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒன்றாகச் சேர்கிற புள்ளியைப் பாருங்கள். அது உங்களை நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, குறையுங்கள். அது விலகி ஓடினால் வளைவு அவிழ்கிறது, போகலாம். மின்கம்ப வரிசையை நம்பாதீர்கள். சாலை திரும்பும் இடத்தில் கம்பம் நேராக வயலுக்குள் இறங்கிப் போகும், நீங்களும் பின்னாலேயே போவீர்கள்.

டிராக்டர் வயலிலிருந்து ஏறும் இடத்தில் சேறு இருக்கும். ஈரச்சேறு வளைவில் எண்ணெய்க்குச் சமம். டிராக்டரே கண்ணில் படாவிட்டாலும் சேறு அதன் விலாசம்.

மாடு மெதுவாக முடிவெடுக்கும், ஆனால் எடுத்த முடிவை மாற்றாது. அதன் பின்பக்கமாகப் போங்கள். ஆடு ஒன்று கடந்தால் மீதியும் கடக்கும், நீங்கள் நடுவில் இருக்கிறீர்களா என்பதைப் பார்க்காது. துரத்தும் நாய் உங்கள் வேகத்தைக் கணக்குப் பண்ணி எதிரே குறுக்கிட ஓடிவரும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் வந்ததும் கூட்டினால் அதன் கணக்கு பிசகும். காலைத் தூக்காதீர்கள். நான் தூக்கினேன். நாய் ஒன்றும் செய்யவில்லை, நான்தான் வாய்க்காலில்.

பிப்ரவரி 12, மதியம் 2.00

பெட்ரோல். எதிர்காற்று மணிக்கு 30, நீங்கள் 60 என்றால் வண்டிக்குக் காற்று 90இல் படும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கப்படி ஏறும். ஆகவே காற்றில்லாத நாளைவிட இரண்டேகால் மடங்கு. ஒரு பிற்பகல், உள்ளேயிருந்து கடலைப் பார்த்து 40 கி.மீ. கடற்காற்றை எதிர்த்து ஓட்டினேன், காலையில் கிடைத்த மைலேஜை நம்பி. ரிசர்வும் தீர்ந்து மூன்று கிலோமீட்டர் தள்ளினேன். கூடப் போன நண்பர் முதல் கியரில் பக்கத்திலேயே வந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் அவ்வளவுதான் நட்பு.

பிப்ரவரி 12, இரவு 8.20

திருத்தம். இரண்டேகால் மடங்கு ஆவது காற்றின் தடை மட்டும். எஞ்சின், செயின், டயர் தின்னும் பங்கு அப்படியேதான் இருக்கும், எனவே பெட்ரோல் அதே மடங்கு கூடாது. ஆனாலும் தெரியும்படி கூடும். கேட்டவருக்கு இதில் லாபம்தான்: மதியம் கடலை விட்டு உள்ளே திரும்பும்போது காற்று முதுகில். ஒரு கஷ்டம், 40இல் போய்ப் பின்னாலிருந்து 25இல் காற்று தள்ளினால் முகத்துக்குக் கிடைப்பது 15தான். வேர்த்து ஊற்றும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே போங்கள்.

பிப்ரவரி 15, காலை 11.30

வண்டி கழுவுவது பற்றி. "மறுநாள் சாவகாசமாகக் கழுவலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்றிரவே கழுவுங்கள்.

கடல்நீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. திவலை காய்ந்த பிறகு உப்பு வண்டியில் தங்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே ஈரத்தை இழுத்து நீராகும். அதாவது நீங்கள் தூங்கும்போது வண்டி உப்புத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கும். அலுமினியப் பாகத்தில் இரும்பு போல்ட் இருக்கிற இடம்தான் முதலில் போகும், இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி. என் பழைய வண்டியில் எஞ்சின் மூடியின் போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது, பூஞ்சை என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது அலுமினியம். போல்ட் அசையவில்லை, தலை மட்டும் கையோடு வந்துவிட்டது.

நல்ல தண்ணீர், சாதாரண வேகம். பீய்ச்சியடிக்கும் பம்பை வீல் பேரிங் பக்கம் காட்டாதீர்கள். ஓ-ரிங் செயினை (கண்ணிகளில் ரப்பர் வளையம் உள்ளது) மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கலாம், பெட்ரோல் ரப்பரைக் கெடுக்கும். காய்ந்த பிறகு செயினுக்கு மசகு ஸ்ப்ரே. அடிக்கும்போது பிரேக் டிஸ்க்கை ஒரு பழைய துணியால் மூடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், என் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைக் கேளுங்கள்.

மறுநாள் டிஸ்க்கில் மெல்லிய துரு தெரிந்தால் பதறாதீர்கள். நான்கு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

பிப்ரவரி 23, இரவு 9.40

கேள்வி கேட்டவர் போய்வந்துவிட்டார். எனக்குத் தனியாக எழுதியிருந்தார், அவர் அனுமதியோடு சுருக்கமாக.

கடல் முதலில், வடக்கே பார்த்து, கடல் வலப்பக்கம். ஆறு மணிக்குக் கடலோரத்தைத் தொட்டவர் உள்ளே திரும்பியது பதினொன்றுக்கு. பதினோரு இடத்தில் நிறுத்தியிருக்கிறார், நான் சொன்ன மணிக்கு 25ஐவிடச் சற்றுக் கூடுதலாக ஓடியிருக்கிறது. மணலை இரண்டு வளைவில் பார்த்தாராம், தடத்திலேயே போயிருக்கிறார். காற்று கிளம்பியபோது முதுகில் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். நடுப்பகலில் ஒரு மரத்தடியில் இரண்டு மணி நேரம் தூக்கம். நாய்கள் மூன்று, வாய்க்கால் இல்லை.

வீட்டுக்கு 20 கி.மீ. இருக்கும்போது வலப்பக்கம் வயலுக்குமேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்ததாம். நிறுத்தி, கையை நீட்டி எண்ணியிருக்கிறார். இரண்டு விரல். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். முழுதாக மறைய 19 நிமிடம்.

எட்டும் எட்டும் பதினாறு. அவர் விரல் என்னுடையதைவிடத் தடிமனாக இருக்க வேண்டும்.